ஒண்ணரை பாருக்குப் போனது யார்?

இரண்டு மொழி தெரிந்தவளை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஊத்துக்கல் தோட்டம் நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையின் பலனாக, மதுசன் என்ற இருபத்தாறு வயது இளைஞன் நாளைக் காலை கேகாலை நீதிமன்றக் கூண்டில் ஏறி, தனக்கே நினைவில்லாத ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான்.

வானம் கறுத்துக் கிடந்தது. றப்பர் மரங்களுக்குக் கீழே பகல் என்பது பெயரளவில்தான் இருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கோடிக் காம்பிராவில், அந்தச் சின்ன அறையின் பெஞ்சின் நுனியில் அமர்ந்திருந்தார் கனகாம்பிகை. வடக்கிலே பிறந்து, சபரகமுவ நீதிமன்றங்களில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராக நின்று, ஏழையின் சொல் ஏட்டில் ஏறும்போது எப்படி உருமாறுகிறது என்பதைக் கண்டு கொதித்து, வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். வாசல் நிலையில் சாய்ந்து நின்றவள் ஷாமிளா, அவருடைய உதவியாள். தோட்டத்துப் பெண், சொந்தமாக ஓர் ஆட்டோவும் சொந்தமாக ஒரு வாயும் உடையவள்.

எதிரே இருந்தவள் ஜெயம்மா. மூன்று வாரங்களுக்கு முன், மழை தூறிய ஒரு மத்தியானத்தில், றப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வெறும் வாளியோடு திரும்பிய அவளுடைய அண்ணன் பழனியாண்டியை, தோட்டத்து வளைவில், தோட்ட முதலாளியான துரையின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அடித்து வீழ்த்தி, மதகுச் சுவரில் முட்டி நின்றது. சத்தம் கேட்டு முதலில் ஓடிச் சேர்ந்தவள் அவள்தான். காருக்குள் கிடந்த சாரதி மதுசனை வெளியே இழுத்துப் போட்டவளும் அவள்தான். மயங்குவதற்கு முன் அவன் முனகிய ஒரு வாக்கியத்தை அவள் பொலிசில் சொன்னாள். அந்த ஒரு வாக்கியம்தான் இன்று அவன் கழுத்தில் கிடக்கிறது. தலையில் அடிபட்டவனுக்கோ அந்த நாளே அழிந்து போயிற்று. ஊரெல்லாம் சொல்வதால், தானே குடித்துவிட்டு ஓட்டிக் கொன்றதாக அவனும் நம்பிவிட்டான். உயிருக்குப் போராடிக் கிடந்தவனின் இரத்தத்தில் மது இருந்ததா என்று சோதிக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. நம்பாதவள் அவனுடைய அக்கா பிரேமலதா ஒருத்தி மட்டுமே. அவள் அழைத்துத்தான் கனகாம்பிகை இங்கே வந்திருந்தார்.

“மதுசன் உங்களிட்ட என்ன சொன்னவன்? திரும்பவும் ஒருக்காச் சொல்லுங்கோ.”

ஜெயம்மா தயங்காமல் சிங்களத்தில் சொன்னாள். “எக்கஹமாரட்ட பார் எக்கட்ட கியா.”

ஒன்றரை மணிக்குப் பாருக்குப் போனேன் என்பது அதன் பொருள். விபத்து நடந்தது இரண்டு மணியளவில். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. அளவுக்கு மீறிக் கச்சிதமாகப் பொருந்துவதாகக் கனகாம்பிகைக்குப் பட்டது.

“பொலிசு சார்ஜன் மாத்தியாகூட அசந்துட்டாருங்கம்மா. ஒங்க சிங்களம் எங்க சிங்களத்தைவிட நல்லா இருக்கேன்னாரு.”

“அது பொலிசுக்கு நீங்கள் சொன்னது. மதுசன் சிங்களத்திலயே சொன்னவன்?”

“இல்லீங்க. சாகப்போறவன் எதுக்கு சிங்களம் பேசுறான்? தமிழ்லதான்.”

“அந்தத் தமிழைத் தாங்கோ. ஒரு எழுத்தும் மாத்தாமல்.”

ஜெயம்மா கண்களை மூடினாள். “ ‘ஒண்ணரை பாருக்குப் போயிருச்சு.’ ரெண்டு தடவை சொன்னான். பெறகு கண்ணு சொருகிருச்சு.”

கனகாம்பிகை நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசலில் ஷாமிளா தொண்டையைக் கனைத்தாள்.

“மிஸ், ஒருத்தன் தன்னையே ‘போயிருச்சு’ன்னு சொல்லிக்கணும்னா, ஒண்ணு அவன் ஆடுமாடா இருக்கணும், இல்ல எங்க சித்தப்பா மாதிரி அன்னைக்குக் காலையிலயே குடிச்சிருக்கணும்.”

“சும்மா இரும். ஆனால் சரியாத்தான் சொல்லுறீர்.”

தமிழன் தான் போனால் போனேன் என்பான். கூட்டாளியோடு போனால் போனோம் என்பான். தன்னைத் தவிர வேறொன்று போனால்தான் போயிருச்சு என்பான். சிங்களப் பேச்சிலோ ‘கியா’ என்ற ஒரு சொல் எல்லாருக்கும் போதும். நான் போனாலும் கியா, நீ போனாலும் கியா, நாய் போனாலும் நாற்காலி போனாலும் கியா. போனது யார் என்ற கேள்வி, ஜெயம்மாவின் நாவில் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தாவிய அந்த நொடியில் வழியிலே விழுந்து விட்டது. சிங்களம் தெரியாதவளாக அவள் இருந்திருந்தால் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடியிருப்பார்கள். அந்த மனிதராவது ஒரு கேள்வி கேட்டிருப்பார். அவளுக்கு நன்றாகத் தெரிந்ததே வினையாயிற்று.

இன்னொன்றும் உறுத்தியது. மணியைச் சொல்வதானால் ஒண்ணரைக்கு என்றல்லவா சொல்லியிருப்பான்? ஒண்ணரை என்று மொட்டையாகச் சொல்லி அதோடு பாரை ஒட்டுவானேன்?

இருவரும் வெளியே வந்து, சரிவுப் பாதையில் மதகை நோக்கி இறங்கினார்கள். மழைக்காலத்தில் அந்த ஏற்றத்தில் ஆட்டோ ஏறாது. அதை மதகுக்கு அப்பால் நிறுத்தியிருந்தார்கள்.

“அப்ப ஏதோ ஒரு சாமான் ஒண்ணரை பாருக்குப் போயிருக்கு,” என்றாள் ஷாமிளா. “ஒரு பாருக்கு முழுசாப் போச்சு, அடுத்த பாருக்குப் பாதி வழியில திரும்பிருச்சு. எந்தச் சாமான் மிஸ் அப்படிக் குடிக்கும்?”

“பார் எண்டால் சாராயக்கடை எண்டு ஆர் உமக்குச் சொன்னது?”

ஷாமிளா நின்றுவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

“பெற்றோல் ஷெட்டுல, டயருக்குக் காத்து அடிக்கிற மெசின்ல, பார்னு எழுதியிருக்கும் மிஸ். முதல்தடவை பார்த்தப்ப கடை விளம்பரம்னு நெனச்சேன். அது காத்தோட அழுத்தம்.”

“அந்தக் காருக்கு வேலை பாக்கிறது ஆர்?”

“மாவனல்லை மக்கீன் நானா.”

மக்கீனின் வேலைத்தளம் பிரதான வீதியிலிருந்து உள்வாங்கிய ஒரு சந்தில் இருந்தது. சிவப்புக் கார் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கையிலிருந்த திருகுச்சாவியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய், முன்கதவை இடுப்பளவுக்கு இழுத்து இறக்கினார். உள்ளே இருட்டிக்கொண்டது.

“அந்தக் காரப் பத்திப் பேச ஒண்டுமில்ல மிஸ். பொலிஸ்ல பாத்துட்டாங்க. கொம்பனி செட்டிங்லதான் இரிந்திச்சாம்.”

“கொம்பனி செட்டிங் எண்டால் எவ்வளவு பார், மக்கீன்?”

மக்கீன் கீழே வைத்த திருகுச்சாவியை மறுபடி எடுத்தார். பார் என்றால் என்ன என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அதைக் கனகாம்பிகை கவனித்துக்கொண்டார்.

“நானா, மிஸ்ஸுக்கு டர்போ பத்தி ஒண்ணும் தெரியாது,” என்றாள் ஷாமிளா. “என் ஆட்டோல டர்போன்னா, மிஸ் எறங்கிப் பின்னால தள்ளுறதுதான்.”

மக்கீனின் உதடு ஒரு பக்கமாக அசைந்தது. தொழிலைப் பற்றிக் கேட்டால் வாயை அடக்க முடியாத மனிதர் அவர்.

“எஞ்சின் விடுற புகை ஒரு சின்னக் காத்தாடியச் சுத்தும். அந்தச் சுத்துல இன்னொரு காத்தாடி வெளிக் காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து கூடினா பெற்றோலும் கூட எரியும், பலமும் கூடும். அதுதான் டர்போ. அந்தக் காருக்குக் கொம்பனி வெச்சது பூச்சியம் தசம் எட்டு பார். அந்த அளவுல பத்து வருசம் ஓடினாலும் ஒண்டும் ஆகாது.”

“நீங்கள் வைச்சது?”

தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன.

“ஒண்டு தசம் ரெண்டு. அதுக்கு ஏத்த மாதிரி பெற்றோல் பம்ப மாத்தி, கம்ப்யூட்டரையும் திருத்தித்தான் வெச்சன். அது களவு இல்ல மிஸ், உலகம் பூரா செய்றதுதான். ஆனா தொர ஒண்டரை கேட்டாரு. ஏலாண்டு சொன்னன். உள்ள இரிக்கிற பிஸ்டன் எல்லாம் கொம்பனி சாமான், தாங்காது. மீற்றர் முள்ளு ஒண்டரைக்குப் போனா கம்ப்யூட்டர் பயந்து போய்ப் பெற்றோலச் சட்டுண்டு வெட்டிரும். முழு வேகத்துல போற கார் நடுவுல யாரோ காலால எத்தின மாதிரி துள்ளும். ஈர ரோட்டுல, வளைவுல அது நடந்தா...” அவர் கைகளை விரித்தார்.

“பிறகு?”

“அவரே ஒரு திருகி வாங்கி வெச்சிக்கிட்டாரு. உள்ள இரிந்தபடியே அழுத்தத்தக் கூட்டிக் குறைக்கிற சாமான். தோட்டத்து ரோட்டுல நானே கூட்டிப் பாத்துக்கிறண்டாரு.”

“பொலிஸ் பாக்கேக்க அந்தத் திருகி காரில இருக்கேல்லை. முள்ளுக் காட்டுற மீற்றரும் இருக்கேல்லை. எல்லாம் கொம்பனி செட்டிங்.”

மக்கீனின் முகம் வெளிறியது. ஒரு காரைப் பழைய நிலைக்குத் திருப்ப எத்தனை திருகாணி கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நினைவிழந்து கட்டிலில் கிடந்தவன் எழுந்து வந்து அதைக் கழற்றவில்லை என்பதும் தெரியும்.

“அந்த மீற்றரை எங்க பூட்டினியள்?” என்று கேட்டார் கனகாம்பிகை.

“இடது பக்கம். கடைசி ஓரத்துல.”

“ஸ்டியறிங் வலது பக்கமெல்லோ?”

“தொரதான் அங்க பூட்டச் சொன்னாரு. ஓட்டுறவன்ட கண்ணுக்கு அது விளங்காது. பக்கத்துல இரிக்கிறவனுக்குத்தான் விளங்கும். மதுசனும் அப்ப நிண்டான். ‘நான் ரோட்டைப் பாக்குறேன், நீ பாரைப் பாரு’ண்டு சொல்லிச் சிரிச்சாரு.”

ஷாமிளா சிரிக்கவில்லை. அவள் கனகாம்பிகையைப் பார்த்தாள். மழை கூரையில் பெருத்தது.

“மக்கீன், நாளைக்கு நீங்கள் கோட்டுக்கு வரவேணும்.”

“எனக்குப் புள்ள குட்டி இரிக்கி மிஸ்.”

“மதுசனும் ஒரு தாயின்ர பிள்ளைதான்.”

அவர் கதவை உயர்த்திப் பிடித்தார். அவர்கள் குனிந்து வெளியேறும்போது தாழ்ந்த குரலில் சொன்னார். “காலையில உங்களுக்கு முந்தி தொரட ஆள் வந்திச்சு. ஜெயம்மாவத் தொர இண்டைக்கே கேகாலைக்குக் கூட்டிப் போறாராம். ராவைக்கு அங்க இரிக்கிற தொரட வீட்டுல தங்கவெச்சி, நாளைக்குக் கோட்டுக்கு அவரே கொண்டுபோறாராம். நான் வாயத் தொறக்க வாணாம்டு சொல்லிட்டுப் போனாங்க.”

தோட்டத்துக்குத் திரும்பும் ரம்புக்கனைப் பாதையில் ஆட்டோ தன்னால் இயன்ற வேகத்தில் அலறிக்கொண்டு ஓடியது. கனகாம்பிகை கம்பியைப் பிடித்தபடி பேசினார்.

“முள்ளு ஒண்டரைக்குப் போனதைக் கண்டவன் மதுசன். காணக்கூடிய இருக்கை இடது இருக்கை. அப்ப வலது இருக்கையில இருந்தது ஆர்?”

“கோட்டுல அதைச் சொன்னா போதாதா மிஸ்?”

“மீற்றர் இல்லை. திருகி இல்லை. மக்கீன் வருவாரோ தெரியாது. மதுசனுக்கு நினைவில்லை. மிச்சம் இருக்கிறது ஜெயம்மா ஒராள். அவவிட்டக் கேக்க ஒரேயொரு கேள்வி இருக்கு. அதை இண்டைக்கு வரைக்கும் ஒருதரும் கேக்கேல்லை.”

ஷாமிளா கைப்பிடியை முறுக்கினாள். அதற்குமேல் முறுக்க இடமிருக்கவில்லை.

மதகடியில் இறங்கி, ஓடும் தண்ணீருக்குள் கால் வைத்து, மூச்சிரைக்க ஏறினார்கள். லயத்து முன்னால் ஒரு கறுப்பு ஜீப், முகப்பு விளக்கு எரிய, எஞ்சின் உறுமியபடி நின்றது. ஜெயம்மாவின் துணிப்பை ஏற்கனவே பின்னிருக்கையில் இருந்தது. ஜெயம்மா ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள். அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் துரை சுதாகரன்.

இரத்தினபுரியில் மாணிக்கம் விற்று, அந்த வருமானத்தில் தோட்டம் வாங்கி, பங்களாவில் குடியேறியவர். வெள்ளைக்காரன் கப்பலேறிப் பல தலைமுறை ஆயிற்று. துரை என்ற சொல் மட்டும் கப்பலேறவில்லை. பங்களாவுக்குள் எவன் நுழைந்தாலும் அவன் தோளில் தானாக ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பழனியாண்டியின் அடக்கத்தை நடத்திக் கொடுத்தவர் இவர். ஜெயம்மாவின் ஒழுகும் கூரைக்குப் புதுத் தகடு போட்டுக் கொடுத்தவரும் இவர். கொன்றவன் கையால் கூரை வேய்ந்துகொண்டு அதன் கீழே அழுத கொடுமையை அந்தப் பெண் இன்னும் அறியவில்லை.

“வாங்க மிஸ்,” என்றார் சுதாகரன், இனிமையாக. “நனையிறீங்களே. பேச்சை நாளைக்கு வெச்சிக்கலாம். ஜெயம்மா களைச்சுப் போயிருக்கு.”

“ஒரு கேள்விதான்.” கனகாம்பிகை அவரைக் கடந்து ஜெயம்மாவின் முகத்தைப் பார்த்தார். “மதுசனை எந்தக் கதவால இழுத்தனீங்கள்?”

“ஏறும்மா. நேரமாகுது,” என்றார் சுதாகரன்.

ஆனால் ஜெயம்மா ஏறவில்லை. “மண்மேட்டுப் பக்கத்துக் கதவுங்கம்மா. இடது பக்கம். மேடு தட்டி அது பாதிதான் தொறந்துச்சு. அந்த இடுக்கு வழியா இழுத்ததுலதான் என் கையி கிழிஞ்சிச்சு.”

“ஓட்டுற பக்கத்துக் கதவு?”

“அது விரியத் தொறந்து கெடந்துச்சு. யாரும் இல்ல. மோதுன வேகத்துல தொறந்துக்கிச்சுன்னு நெனச்சேன்.” அவள் குரல் தேய்ந்தது. சொல்லும்போதே அவளுடைய கண்கள் அந்த வளைவுக்குப் போய்விட்டன. “அந்தக் கதவுக்குக் கீழதான் எங்கண்ணன் கெடந்துச்சு. கதவோட ஒட்டிக் கெடந்துச்சு. கீழ கால் வைக்க வேற எடமே இல்ல.”

குடையிலிருந்து தண்ணீர் சுதாகரனின் தோளில் வழிந்தது. அவர் அதை உணரவில்லை.

ஜெயம்மா படியிலிருந்து காலை எடுத்தாள். மெதுவாகத் திரும்பினாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. கூப்பிட்டுக் காரியம் விசாரிப்பவளைப் போலக் கேட்டாள்.

“அந்தப் பக்கமா எறங்குனவரு எங்கண்ணனைத் தாண்டித்தானே போயிருக்கணும், தொரை?”

“ஜெயம்மா, இந்த அம்மா ஒனக்கு எதை எதையோ சொல்லிக் கொடுக்குது.”

“இன்னும் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலீங்களே,” என்றாள் ஷாமிளா. “கேள்விதானே கேட்டாங்க.”

“தாண்டுறப்பக் குனிஞ்சு பார்த்தீங்களா தொரை?” ஜெயம்மாவின் பார்வை அசையவில்லை. “ஒரு வாய் தண்ணியாச்சும்...”

“அவருக்கு எதுக்குத் தண்ணி?” சுதாகரனின் பொறுமை அறுந்தது. “அவரு அப்பவே முடிஞ்சிட்டாரு.”

சொல் வாயை விட்டு வெளியேறிவிட்டது. அதைப் பிடிப்பதற்கு அவர் எடுத்த மூச்சு அந்த மழையிலும் கேட்டது.

“ ‘அப்பவே’ எண்டால் எப்ப?” என்று கேட்டார் கனகாம்பிகை. “பழனியாண்டியை லொறியில ஏத்திக்கொண்டு போன பிறகுதான் பங்களாவில இருந்து இறங்கி வந்தனான் எண்டு பொலிசுக்குச் சொல்லியிருக்கிறியள். றோட்டில கிடந்தவரை நீங்கள் காணவே இல்லை எண்டு சொல்லியிருக்கிறியள். அவர் முடிஞ்சது எப்ப எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?”

சுதாகரனின் கை ஜீப்பின் கதவுக்குப் போனது. பதிலை எதிர்பார்த்து ஜெயம்மா நிற்கவில்லை.

“முடியல தொரை,” என்றாள் அவள். “நான் ஓடி வந்தப்ப அண்ணனுக்கு மூச்சு இருந்துச்சு. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு.”

லயத்து வரிசையில் ஒரு கதவு திறந்தது. பக்கத்துக் கதவும் திறந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஓர் உருவம் வந்து நின்றது. வேடிக்கை சொல்லிச் சமாளிக்க முடியாத இடம் அது என்று ஷாமிளாவுக்கே தெரிந்திருந்தது.

ஜெயம்மா குனிந்து, பின்னிருக்கையில் கிடந்த துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

“வாங்கம்மா, ஆட்டோ வரைக்கும் நடந்தே போயிருவோம், நாளைக்குக் கோட்டுல இதை நானே சொல்றேன். இதுல ஏறினேன்னா, நானும் எங்கண்ணனைத் தாண்டிப் போனவளா ஆயிருவேன்.”

மூன்று பெண்களும் சரிவில் இறங்கினார்கள். தோட்டத்திலிருந்து வெளியே போக அந்த ஒரு பாதைதான் இருந்தது. பின்னால் ஜீப்பின் கதவு அறைந்து சாத்தப்பட்டது. வெளிச்சம் அவர்களுடைய முதுகில் விழுந்து, நிழல்களை மரங்களின் ஊடே நீட்டியது. எஞ்சின் ஒலி நெருங்கியது. மிக மெதுவாக, அவர்களுடைய நடையின் அளவிலேயே நெருங்கியது.

கனகாம்பிகை ஓரமாக ஒதுங்கப் பார்த்தார். ஜெயம்மா அவருடைய கையைப் பற்றி நடுப்பாதைக்கு இழுத்துக்கொண்டாள்.

“நேரா நடங்கம்மா,” என்றாள். “இந்தத் தடவை நாமளா வழி விடப்படாது.”

அவர்களுக்குப் பின்னால் எஞ்சின் ஒருமுறை பெரிதாக உறுமியது. ஜெயம்மா திரும்பிப் பார்க்கவில்லை.